ரத்தம் போகாத இடம்

காரியாபட்டிப் பக்கம் வேலை என்றால் பாதிக்கு மேல் குத்தவைத்துச் செய்கிற வேலைதான். மானாவாரிக் காட்டில் களை எடுப்பது, கடலை ஆய்வது, சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, அது ஆறிய பிறகு உட்கார்ந்து கரி பொறுக்குவது. தென்கிழக்கே திருச்சுழி வரைக்கும் இதே கதை. மல்லிகைத் தோட்டத்தில் இருட்டோடு இறங்குகிறவர்கள் குனிந்த இடுப்பு நிமிராமல் பூ எடுக்கிறார்கள். அருப்புக்கோட்டையில் குழித்தறியில் மிதிபலகையை மிதித்தே வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டினால் இவர்களில் பலருடைய பேச்சு முட்டியில் வந்து நிற்கும். மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வந்திருப்பார்கள். "ஜவ்வு தேஞ்சு போச்சுங்கிறாக." அடுத்த கேள்வியும் உடனே வரும்: "தோலை எடுத்து ஒட்டுறாக, கண்ணை எடுத்து வைக்கிறாக, இந்த ஜவ்வை வளத்து வைக்க முடியாதா?"

வளர்க்க முடியும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தது யாருடைய முட்டிக்குள் நிலைக்கும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தச் சிக்கலைப் பற்றியதுதான்.

கோழிக்கால் எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழவழப்பாக, பல்லுக்குக் 'கறுக்' என்று அகப்படுவதே குருத்தெலும்பு. இவர்கள் ஜவ்வு என்பது இதைத்தான். நம் முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் முகங்களில் இது சில மில்லிமீட்டர் தடிமனில் பூசியதுபோல் ஒட்டியிருக்கிறது. இரண்டு பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது எழும் உராய்வு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. இந்தப் பூச்சுக்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். செல்கள் மொத்தக் கனஅளவில் சில விழுக்காடுதான். அவையும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பொந்துகளில் அடைந்து கிடக்கின்றன.

இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இது எப்படி உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது? கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கரிசல் களிமண் தகடுகளின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அது உப்பு அயனிகளை இழுக்க, அவற்றோடு தண்ணீரும் நுழைகிறது. மழை பெய்தால் மண் பொதுமிக் கிளம்புவது அதனால்தான். குருத்தெலும்பில் களிமண்ணின் வேலையைச் செய்வது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அதன் கிளைகள் முழுக்க எதிர்மின்னேற்றம். அது தண்ணீரை இழுத்து ஊதப் பார்க்கும். கரிசலுக்கு இல்லாத ஒன்று இங்கே உண்டு: இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளால் ஆன வலை. ஊத முயலும் அக்ரிகனை அந்த வலை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. நாம் நிற்கும்போது தண்ணீர் நுண்துளைகள் வழியே மெல்லப் பிதுங்குகிறது. உட்கார்ந்தால் திரும்ப ஏறுகிறது. செல்களுக்குச் சாப்பாடு வருவதும் இந்தப் போக்குவரத்தில்தான். ரத்தம் வராத இடத்துக்கு மூட்டு நீர்தான் எல்லாவற்றையும் கொண்டு போய்ச் சேர்க்கிறது. ஆகவே மூட்டு அசைய வேண்டும்.

வலை அறுந்தால் கதை மாறிவிடும். தேய்மானம் தொடங்கும்போது குருத்தெலும்பு முதலில் மெலிவதில்லை. பிடி தளர்ந்த அக்ரிகன் கூடுதலாகத் தண்ணீர் குடித்து, பரப்பு ஊறி மெத்தென்று ஆகிறது. ஊறியது பிசிராகி உதிர்கிறது. தேய்வது அதற்குப் பின்னால்தான்.

வேறெங்கே காயம் பட்டாலும் ரத்தம் உறையும், செல்கள் ஓடி வரும், தழும்பாவது விழும். இங்கே வருவதற்குப் பாதையே இல்லை. 1743-இல் லண்டனில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ஹன்டர், மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு திரும்ப வருவதில்லை என்பது மருத்துவத்தில் பழைய காலத்திலிருந்தே ஒப்புக்கொண்ட செய்தி என்று அதில் எழுதினார். அவர் எழுதியதை 2016-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வேறு வழியில் அளந்தார்கள். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு இறங்கியது. எந்த ஆண்டு உருவான திசுவோ அந்த ஆண்டின் கார்பன் அதில் பதிந்திருக்கும். முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனைச் சோதித்ததில், அது வளரும் பருவத்தில் உண்டானதாகவே இருந்தது. பெரியவர்களான பிறகு புதிதாக ஏதும் சேரவில்லை என்றே சொல்லலாம். தேய்ந்த மூட்டிலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு படித்த காலத்தில் நெய்த வலையோடுதான் பாட்டியும் நடக்கிறார்.

இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு, மாத்திரை தின்றால் ஜவ்வு வளரும் என்ற விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பு செய்யாததை வெளியில் செய்துகொள்ளலாம் என்ற துணிச்சல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பலித்தது. லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் ஆகியோரின் குழு 1987-இல் முதல் நோயாளிக்கு அறுவை செய்தது. செயல்முறையைக் கேட்டால் சாதாரணமாகத்தான் தெரியும். மூட்டுக்குள் சிறு குழாய்க் கேமரா விட்டு, பாரம் விழாத ஓரத்திலிருந்து துளி குருத்தெலும்பைக் கிள்ளி எடுப்பார்கள். நொதி போட்டு அதைக் கரைத்தால் உள்ளே அடைபட்டிருந்த செல்கள் வெளியே வரும். சில லட்சம் தேறும். அவற்றைத் தட்டில், 37 டிகிரி வெப்பத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்குவார்கள். பிறகு முட்டியைத் திறந்து, பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கீழ்க்கால் எலும்பிலிருந்து உரித்த மெல்லிய உறையை மூடிபோல் வைத்துத் தைத்து, அதற்கடியில் செல்களை ஊற்றுவார்கள். 1994-இல் இருபத்து மூன்று பேரின் முடிவுகள் வெளியாயின. தொடை எலும்பு முனையில் பள்ளம் இருந்த பதினாறு பேரில் பதினான்கு பேருக்கு நல்ல பலன். முட்டிச்சில்லில் பள்ளம் இருந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு மட்டும். ஒரே செல், ஒரே கை, ஒரே முட்டி. இடம் மாறியதும் முடிவு தலைகீழ்.

1997-இல் அமெரிக்கா இதை மருந்தாக ஒப்புக்கொண்டது. ஒரு குப்பியில் சுமார் 1.2 கோடி செல்கள் இருந்தன.

ஆனால் தட்டில் ஒரு வில்லங்கம் நடக்கிறது. தன் பொந்துக்குள் உருண்டையாக இருந்த செல், பிளாஸ்டிக் தட்டில் படுத்ததும் தட்டையாக விரிந்து, நாலாபக்கமும் கால் நீட்டிப் படர்கிறது. படர்ந்ததும் தொழிலையும் மாற்றிக்கொள்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிகனும் சுரப்பது குறைந்து, தழும்பில் இருக்கும் முதல் வகைக் கொலாஜனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. எவ்வளவு பெருக்குகிறோமோ அவ்வளவு மறக்கிறது. நிறைய செல் வேண்டும் என்பதற்காகத்தான் பெருக்குகிறோம். பெருக்கியதாலேயே அது கெடுகிறது. 1982-இல் பென்யா, ஷாஃபர் என்ற இருவர், மறந்துபோன செல்களை அகரோஸ் ஜெல்லுக்குள் மிதக்க விட்டுப் பார்த்தார்கள். படுக்கத் தளம் இல்லாததால் செல்கள் மீண்டும் உருண்டன. உருண்டதும் பழைய தொழில் திரும்பியது. இந்தத் துறையின் தலைசிறந்த சோதனை என்று நான் நினைப்பது இதைத்தான். செல்லின் வடிவமே அதன் வேலையைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது என்று அது காட்டியது. பின்னால் வந்த முயற்சிகளில் பல, செல்லை எதற்குள் வைத்து வளர்ப்பது என்ற கேள்வியைச் சுற்றித்தான். ஜப்பானின் மிட்சுவோ ஓச்சி 1996-இல் கொலாஜன் ஜெல்லுக்குள் செல்களை வளர்த்து முட்டியில் வைத்தார். அமெரிக்காவில் 2016-இல் பன்றிக் கொலாஜன் சவ்வில் செல்களைப் படரவிட்ட வடிவம் வந்தது. மும்பையைச் சேர்ந்த ரீகுரோ பயோசயின்ஸஸ் நிறுவனம், நோயாளியின் சொந்தச் செல்களை வளர்த்துத் தரும் முறைக்கு 2017-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றது.

அப்படியானால் காரியாபட்டியில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. இந்தச் சிகிச்சை பள்ளத்துக்கானது. கபடியில் விழுந்தோ பைக்கிலிருந்து சாய்ந்தோ ஓர் இளைஞனின் குருத்தெலும்பில் ரூபாய்க்காசு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் நல்ல கரை இருக்கிறது. கரை பாரத்தைத் தாங்க, நடுவில் ஊற்றிய செல்கள் அதன் நிழலில் வளர்ந்து இறுகும். வயதானவரின் தேய்மானத்தில் கரை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மேல் எலும்பு, கீழ் எலும்பு இரண்டின் முகமும் உரிந்திருக்கும். கால் வில்லாக வளைந்து பாரம் முழுக்க உள்பக்கத்தில் இறங்கும். மூட்டு நீரில் அழற்சிப் பொருள்கள் கலந்து நிற்கும். அந்த நீரில்தான் புதுச் செல்லும் பிழைக்க வேண்டும். பரவலாகத் தேய்ந்த மூட்டுக்கு இது ஏற்றதல்ல என்று மருத்துவர்கள் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான். அங்கே இன்றைக்கும் கை கொடுப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மாற்று மூட்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதைச் செய்கிறார்கள்.

மாற்று மூட்டு வைக்கும்போது பழைய எலும்பு முனையை அறுத்து எடுப்பார்கள். அதோடு ஒட்டியிருக்கும் மிச்சக் குருத்தெலும்பும் வழக்கமாகக் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். வேலூரில் அந்தக் கழிவைத்தான் எடுத்து ஆராய்கிறார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு தொடங்கிய ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. அந்தக் கல்லூரியின் குழந்தைகள் எலும்பியல் துறையில் விருஷா மாதுரியின் குழு, பிள்ளைகளின் எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு அடிபட்டால், வளர்த்த செல்களைக் கொண்டு அதைச் சரிசெய்ய முடியுமா என்று ஆராய்ந்தது. அங்கே உடலியங்கியல் துறையின் எலிசபெத் வினோத்தும் உடன் வேலை செய்பவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: தேய்ந்து அறுத்து எறிந்த குருத்தெலும்பில், இன்னும் வளரத் திறமுள்ள செல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி பிரிட்டனின் கார்டிஃப் நகரிலிருந்து வந்தது. ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் பூசிய தட்டில் செல்களை ஊற்றி இருபது நிமிடம் விடுவார்கள். அதற்குள் யார் ஒட்டிக்கொள்கிறார்களோ அவர்களை வைத்துக்கொண்டு, மற்றதைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். அவசரமாக ஒட்டிய அந்தச் சிலவற்றில்தான் வளரத் திறமுள்ள முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. இரண்டாவது வழி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தது. தேய்ந்த குருத்தெலும்புத் துண்டைத் தட்டில் அப்படியே போட்டுவைத்தால், சில செல்கள் தாமாகவே ஊர்ந்து வெளியே வரும். அந்த ஊர்ந்து வந்தவற்றைச் சேகரிப்பார்கள். வேலூர்க்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். குருத்தெலும்பை உண்டாக்கும் இயல்பான திறமை, ஊர்ந்து வந்த செல்களிடம் கூடுதலாக இருந்தது.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லை எடுத்தால் போதாதா? மஜ்ஜைச் செல் குருத்தெலும்பாக மாறும். ஆனால் அதோடு நிற்காது. கருவில் நம் கைகால் எலும்பெல்லாம் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகிறது. பிறகு அந்தச் செல்கள் பெருத்து, சுண்ணாம்பு ஏறி, எலும்புக்கு இடம் விட்டு மடிகின்றன. எலும்பு முறிந்து கூடும்போதும் இதே நாடகம். மஜ்ஜைச் செல்லுக்கு அந்தப் பழைய பாடம்தான் தெரியும். மூட்டுப் பரப்பில் வைத்தால், குருத்தெலும்பாகி, பிறகு பத்தாம் வகைக் கொலாஜன் சுரந்து, எலும்பாகும் வழியில் நடக்கப் பார்க்கிறது. மூட்டுப் பரப்பிலேயே பிறந்த செல் மட்டும் வாழ்நாள் முழுக்கக் குருத்தெலும்பாகவே இருக்கக் கற்றது. தேய்ந்த முட்டியிலும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றால், நாளைக்கு ஒருவர் கழித்துப்போட்ட முட்டி இன்னொருவருக்கு விதையாகலாம். இதுவரை நடந்ததெல்லாம் பெரும்பாலும் தட்டிலும் விலங்குகளிலும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்னையில் நிச்சி-இன் மறுவுருவாக்க மருத்துவ மையத்தைச் சேர்ந்த சாமுவேல் ஆபிரகாம், ஜப்பானிய மருத்துவர்களோடு சேர்ந்து இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். குளிரில் திரவமாகவும் சூட்டில் ஜெல்லாகவும் மாறும் ஒரு பாலிமரில் செல்களை வளர்க்கிறார்கள். செல்களைக் குளிர்ச்சியாக ஊற்றலாம்; சூடேறினால் நின்றுகொள்ளும்; மீண்டும் குளிர்வித்தால் நொதி எதுவும் போடாமலே செல்களைப் பிரித்துக்கொள்ளலாம். உருண்டையாக இருப்பதால் செல்கள் தொழிலை மறப்பதும் குறைகிறது.

நெசவூர்க்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி டெல்லியில் இருக்கிறது. அங்கே ஐ.ஐ.டி.யில் குருத்தெலும்பு அச்சிடுகிறவர்கள் மருத்துவத் துறையில் இல்லை. ஜவுளித் துறையில் இருக்கிறார்கள். சௌரப் கோஷின் குழு, பட்டுநூல் புரதத்தையும் ஜெலட்டினையும் கலந்து மையாக்கி, அதில் செல்களைச் சேர்த்து முப்பரிமாண அச்சில் அடுக்கடுக்காக வார்க்கிறது. மஜ்ஜைச் செல்கள் எலும்பாகும் பாதையில் ஓடாமல் அந்தப் பட்டு மை எப்படித் தடுக்கிறது என்பதைத்தான் அவர்கள் துருவிப் பார்த்தார்கள். புடவைக்கு அப்பாற்பட்டும் பட்டுக்கு வேலை இருக்கிறது.

உலகத்தில் இப்போது மிகத் துணிச்சலான வேலை என்று நான் கருதுவது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடப்பது. இவான் மார்ட்டின் குழு முட்டிக்கான செல்லை மூக்கிலிருந்து எடுக்கிறது. மூக்கு நடுத்தண்டின் குருத்தெலும்பில் ஒரு துண்டு எடுத்தால் மூக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தச் செல்கள் வயதானவர்களிடம்கூட நன்றாகப் பெருகுகின்றன. இத்தனைக்கும் கருவில் மூக்குச் செல் பிறந்த அடுக்கு வேறு, முட்டிச் செல் பிறந்த அடுக்கு வேறு. முட்டியில் வைத்ததும் மூக்குச் செல் அந்த ஊர் வழக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று 2014-இல் ஆடுகளில் காட்டினார்கள். 2016-இல் பத்து நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மனிதர்களுக்குச் செல்லைச் சும்மா ஊற்றவில்லை. ஆய்வகத்திலேயே சவ்வில் வளர்த்து, குருத்தெலும்பாகவே முதிர்ந்த துண்டை வெட்டி வைத்தார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். மதுரை வரைக்கும் 'ஸ்டெம் செல் ஊசி' என்ற பேச்சு பரவியிருக்கிறது. அதில் ஒன்று முறைப்படி ஒப்புதல் பெற்றது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளர்கள் பலரின் மஜ்ஜைச் செல்களைக் கலந்து வளர்த்துத் தயாரித்த மருந்து. முழங்கால் தேய்மானத்துக்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஒரு முறை 2.5 கோடி செல்கள் செலுத்தினார்கள். ஓராண்டில் வலியும் விறைப்பும் வெற்றூசி போட்டவர்களைவிடக் குறைந்தன. ஸ்கேனில் குருத்தெலும்பின் தரம் மேலும் கெடாமல் நின்றது. புதிதாக ஜவ்வு முளைத்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. செல்கள் அழற்சியைத் தணிக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். அதுவே பெரிய உதவி. ஆனால் வளர்ப்பது வேறு, கெடாமல் பார்த்துக்கொள்வது வேறு. வயிற்றுக் கொழுப்பையோ இடுப்பெலும்பு மஜ்ஜையையோ உறிஞ்சி, அன்றைக்கே முட்டியில் போட்டுவிட்டு 'ஜவ்வு வளர்ந்துவிடும்' என்று சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த ஒப்புதலின் பேரில்?

முழுத் தீர்வுக்கு இன்னும் எது குறைகிறது என்று கேட்டால், அடுக்குதான். இயற்கைக் குருத்தெலும்பில் கொலாஜன் இழைகள் எலும்பிலிருந்து செங்குத்தாக எழுந்து, நடுவில் வளைந்து, மேல்பரப்பில் படுக்கையாக ஓடுகின்றன. 1925-இல் ஜெர்மானியர் பென்னிங்ஹாஃப் இந்த வளைவு அமைப்பைக் காட்டினார். வளர்த்த குருத்தெலும்பில் அக்ரிகன் சேர்ந்துவிடுகிறது, அழுத்தினால் ஓரளவு தாங்குகிறது. இழை மட்டும் அப்படி அணிவகுப்பதில்லை. பழைய கரையோடு புதுத் திசு இழைக்கு இழை பின்னிக்கொள்வதும் அரைகுறையாகவே நடக்கிறது. வலையில்லாத கரிசல் எப்படி வெடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கடைசியாகப் பேச வேண்டியது கூலி. செல் வைத்த முட்டியை உடனே ஊன்ற முடியாது. பள்ளம் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஆறேழு வாரம் கக்கத்துக்கட்டை. அந்த நாட்களில் பாரம் போடாமல், ஆனால் மூட்டை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பாடு அசைவில்தானே போகிறது. பெரும் பாரத்துக்குத் தயாராக, புதுத் திசு இறுக, ஓர் ஆண்டு வரை ஆகும். அதுவரை குத்தவைக்கக் கூடாது, ஓடக் கூடாது. கபடி ஆடிய பையனுக்கு வீட்டில் யாராவது சோறு போடுவார்கள். களைக்குப் போகிற அம்மாவுக்கு வயதையும் தேய்மானத்தையும் விட்டுத்தள்ளி, ஒரு நல்ல கரையுள்ள சிறு பள்ளம்தான் என்று வைத்தாலும், மருத்துவர் அறுவைத் தேதியைக் குறிக்கும் முன் கேட்பது இதுதான்: ஆறு வாரம் யார் தண்ணீர் எடுப்பது, வீட்டில் உட்கார்ந்து போகும் கக்கூஸ் இருக்கிறதா, அடுத்த மழைக்கு விதைப்பை விட முடியுமா.